ரப்பர் ஷீட் அடித்த ஆசிட் தண்ணீர்: சிறு விளைக்காரருக்குப் பயோகேஸ் கலன் கட்டுப்படியாகுமா?

பனச்சமூட்டு விளைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையில், பனச்சமூட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் எங்கள் விளை (தோட்டம்) இருக்கிறது. எங்கள் வேலியைத் தாண்டினால் வெள்ளறடை, அதாவது கேரளம். இரண்டு ஏக்கருக்குச் சற்றுக் குறைவான இடத்தில் முந்நூறு மூடு (மரம்) ரப்பர் நிற்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பாலுக்காகப் பட்டையை வெட்டுகிறோம். நல்ல காலத்தில் ஒரு வெட்டுக்கு இருபது ஷீட், ஷீட்டுக்கு அரைக் கிலோ என்று பத்துக் கிலோ கிடைக்கும். வீட்டின் பின்புறத்திலேயே பாலை அரித்து, தண்ணீர் சேர்த்து, டிஷ்களில் ஆசிட் விட்டு உறையவைத்து, மறுநாள் காலையில் உருளையில் கொடுத்து, சொந்தப் புகைப்புரையில் (புகையிட்டு உலர்த்தும் அறையில்) உலர்த்தி எடுக்கிறோம்.

என் கவலை, உறைந்த பாலிலிருந்து பிரியும் தண்ணீரைப் பற்றியது. அப்பா காலத்தில் அது தென்னை மூட்டில் வெட்டிய குழிக்குப் போய்விடும். சுற்றிலும் வீடுகள் இல்லாததால் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. இப்போது அதே குழிக்குக் கீழ்ப்புறம் மூன்று வீடுகளும் இரண்டு கிணறுகளும் வந்துவிட்டன. எங்கள் செம்மண்ணில் ஊற்றிய தண்ணீர் தங்காமல் இறங்கிவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். சென்ற ஐப்பசி மழைக்குப் பிறகு கீழ்ப்புறத்து வீட்டுக் கிணற்றில் புளித்த நாற்றம் அடிப்பதாக அவர்கள் சொன்னார்கள். சண்டையாக இல்லாமல் தன்மையாகத்தான் சொன்னார்கள். அதனாலேயே எனக்கு மனம் மிகவும் சங்கடப்பட்டது. குடிக்கிற தண்ணீரைக் கெடுத்துக்கொண்டு நடத்தும் தொழிலை எத்தனை நாள் நடத்த முடியும்?

அடுத்த கவலை விறகு. புகைப்புரைக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ஷீட்டுக்கு ஒரு கிலோ விறகு எரிகிறது. மழைக்காலத்தில் அதற்கும் மேலே போகிறது. பயோகேஸ் கலன் ஒன்றைக் கட்டிவிட்டால் ஆசிட் தண்ணீரையும் அது தின்றுவிடும், அதிலிருந்து வரும் வாயு சமையலுக்கும் புகைப்புரைக்கும் போதும் என்று விற்பனையாளர் ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். இது உண்மையா, என் அளவுள்ள விளைக்கு இது பொருந்துமா என்று அனுபவப்பட்டவர்கள் சொல்ல வேண்டுகிறேன். எங்களிடம் இப்போது மாடு இல்லை; அடுத்த வீட்டு அண்ணனிடம் இரண்டு பசுக்கள் இருக்கின்றன.

அருமனை சங்கத்துச் செயலாளர் எழுதியது:

தம்பி, கேட்டதற்கு முதலில் நன்றி. மலையோரம் முழுவதும் இதே நிலைதான். வாய் திறந்து கேட்பவர்கள் குறைவு. எங்கள் சங்கத்தில் உறுப்பினர்களின் பாலை ஒரே இடத்தில் சேர்த்து ஷீட் அடிக்கிறோம். அங்கே பயோகேஸ் கலனும் ஓடுகிறது. அதை வைத்துச் சொல்கிறேன்.

கலனைப் பற்றி யோசிக்கும் முன் நீங்கள் ஊற்றும் ஆசிட் எது என்று பாருங்கள். பாலை உறையவைக்கச் சரியானது ஃபார்மிக் ஆசிட். விலை குறைவு என்பதற்காகப் பலர் சல்ஃபூரிக் ஆசிடை வாங்குகிறார்கள். சில கடைகளில் பெயர் ஒட்டாத கன்னாசில் இரண்டையும் கலந்தே தருகிறார்கள். எங்கள் உறுப்பினர் ஒருவர் வீட்டில் அடித்த தண்ணீரைக் கொண்டுவந்து கலனில் ஊற்றிய பிறகு, ஒரு வாரத்துக்குள் அழுகிய முட்டை நாற்றம் தெருவரை வீசியது, அடுப்பின் பித்தளை முகப்பு கறுத்துப்போனது, சுடரும் நின்றது. அவர் வாங்கிய ஆசிடில் சல்ஃபூரிக் கலந்திருந்தது பிறகுதான் தெரியவந்தது. அதன்பின் எங்கள் சங்கத்தில் மூடி முத்திரை உடையாத கன்னாசை மட்டுமே வாங்குகிறோம். சல்ஃபூரிக் ஆசிட் உருளையையும் அரிக்கும், ஷீட்டின் தரத்தையும் கெடுக்கும். கிணற்றுக்கும் அது கேடுதான்.

உங்கள் ஒரு வீட்டுக்கு மட்டும் கலன் கட்டுவது வேண்டாம் என்பது என் கருத்து. நாலைந்து விளைக்காரர்கள் சேர்ந்தால் கட்டலாம். அதற்கான காரணக் கணக்கைப் படித்தவர்கள் யாராவது சொல்வார்கள். எங்கள் அனுபவத்தில் எல்லோரையும் தடுமாறவைப்பது மாசி, பங்குனி மாதங்கள்தான். இலை உதிர்ந்து வெட்டு நிற்கும்போது கலனுக்குத் தீனி நின்றுபோகிறது. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் பட்டினி கிடந்து, வெட்டுத் தொடங்கும்போது ஆசிட் தண்ணீரைத் தாங்கும் பலத்தை இழந்துவிடுகின்றன. அந்த இடைவெளியில் சாணக் கரைசலையோ சமையலறைக் கழிவையோ கொஞ்சமாவது ஊற்றி வர ஆள் இருக்கிற இடத்தில்தான் கலன் உயிரோடு இருக்கும். சங்கத்தில் அதற்கு ஒரு பணியாளர் இருக்கிறார். தனி வீட்டில் கல்யாணம், மருத்துவமனை என்று நான்கு நாள் போனால் யார் பார்ப்பது?

குழித்துறை நீர்ப்பொறியாளர் எழுதியது:

வணக்கம் ஐயா. தொழிற்சாலைக் கழிவுநீரைச் சுத்திகரிப்பது என் வேலை. வீட்டார் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் விளைக்காரர்கள். செயலாளர் சொன்ன கணக்கை நான் போட்டுக் காட்டுகிறேன்.

பத்துக் கிலோ உலர் ரப்பர் தரும் பால், மூன்றில் ஒரு பங்கு ரப்பர் உள்ளது என்று கொண்டால், 30 லிட்டர் வரும். ஷீட்டுக்கு அதை 12.5 சதவீத ரப்பர் உள்ள கரைசலாக நீர்க்கச் செய்ய வேண்டும் என்பது ரப்பர் வாரியத்தின் பரிந்துரை. ஆக அது 80 லிட்டர் ஆகிறது. உறைந்து, உருளையில் பிழிந்த பிறகு ஷீட்டுகளில் தங்குவது போக அறுபது லிட்டருக்கும் மேலான நீர் வெளியே வரும். டிஷ், உருளை, ஷீட் ஆகியவற்றைக் கழுவிய நீரையும் சேர்த்தால் ஒரு வெட்டுக்கு நூறு லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் கெடுதல் செய்வது ஆசிட் மட்டுமே என்று பலர் நினைக்கிறார்கள். பாலில் ரப்பரோடு இருக்கும் புரதமும் சர்க்கரைப் பொருள்களும் அந்த நீரில்தான் தங்கிவிடுகின்றன. அவை அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. கிணற்று நாற்றத்துக்கு அதுவே காரணம். எனவே சுண்ணாம்பைப் போட்டுப் புளிப்பை மட்டும் மாற்றிவிட்டால் தண்ணீர் சுத்தமாகிவிட்டது என்று கருதக் கூடாது. ஆற்றில் விடும் கழிவுநீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனின் அளவு, லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றும், நிலத்தில் பாய்ச்சுவதாக இருந்தால் 100 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்றும் சுற்றுச்சூழல் விதிகளின் பொதுவான வரம்பு சொல்கிறது. ஷீட் நீர் இந்த வரம்புகளைப் பல மடங்கு தாண்டி நிற்கிறது.

இனி வாயு. உங்கள் நூறு லிட்டரில், லிட்டருக்கு ஐந்து கிராம் அளவுக்கு வேதி ஆக்சிஜன் தேவை (கழிவை வேதிமுறையில் சிதைக்க வேண்டிய ஆக்சிஜனின் அளவு) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சரியான எண்ணை ஆய்வகத்தில் கொடுத்து அறியலாம். மொத்தம் அரைக் கிலோ. இந்த அளவில் ஒரு கிலோவுக்கான கழிவு முழுவதுமாகச் சிதைந்தால் 0.35 கன மீட்டர் மீத்தேன் கிடைக்கும் என்பது வேதியியல் கணக்கு. ஐந்தில் நான்கு பங்கு சிதைகிறது என்று கொண்டால் உங்களுக்கு 0.14 கன மீட்டர் மீத்தேன், அதாவது கால் கன மீட்டருக்கும் சற்றுக் குறைவான பயோகேஸ் வரும். ஒரு கன மீட்டர் பயோகேஸ் ஏறத்தாழ 0.45 கிலோ சமையல் எரிவாயுவுக்குச் சமம் என்பதால், ஒரு வெட்டுக்கு உங்களுக்குக் கிடைப்பது நூறு கிராம் எரிவாயுவின் வேலை. 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடாக வேண்டுமென்றால் நூற்று நாற்பது வெட்டுகள் வேண்டும். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் விளையில் அது ஏறத்தாழ ஒரு வருடத்து வெட்டு. விற்பனையாளர் சமையலுக்கும் புகைப்புரைக்கும் போதும் என்று சொன்னதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள். ஒரு பசு ஒரு நாளில் போடும் பத்துக் கிலோ சாணத்திலிருந்தே இதைவிட அதிகமாக, 0.4 கன மீட்டர் வரை வாயு வரும்.

இதைச் சொல்வது கலன் வேண்டாம் என்பதற்காக அல்ல. ஷீட் நீருக்குக் கலன் கட்டுவது தண்ணீரைச் சுத்தம் செய்வதற்காகத்தான். வாயு உடன்வரும் பலன். அந்த நோக்கத்தோடு கட்டினால் அது நல்ல வழி, நம் ஊர் வெப்பநிலைக்கு மிகவும் பொருந்துகிற வழி. ஃபார்மிக் ஆசிட் இதற்குத் தடையே இல்லை. மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கு அதுவே உணவாகிறது. சல்ஃபூரிக் ஆசிட் சேர்ந்தால், சல்ஃபேட்டை ஹைட்ரஜன் சல்ஃபைடாக மாற்றும் வேறு நுண்ணுயிர்கள் பெருகி மீத்தேனுக்குப் போக வேண்டிய உணவைப் பறித்துக்கொள்ளும். செயலாளர் சொன்ன நாற்றம் அதுதான்; அந்த வாயு நஞ்சும்கூட, மூடிய இடத்தில் உயிருக்கே ஆபத்து. வாங்கிய ஆசிடில் சந்தேகம் இருந்தால் வேதியியல் ஆய்வகம் உள்ள கல்லூரி ஒன்றில் பேரியம் குளோரைடு கரைசல் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சல்ஃபூரிக் இருந்தால் உடனே வெண்ணிற வீழ்படிவு இறங்கும். பேரியம் குளோரைடு நஞ்சு என்பதால் வீட்டில் செய்ய வேண்டாம்.

விறகை மிச்சப்படுத்தும் வழி வேறிடத்தில் இருக்கிறது. ஒரு கிலோ உலர் ஷீட்டிலிருந்து அரைக் கிலோ நீரை வெளியேற்ற வேண்டியிருக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அதற்குத் தேவையான வெப்பம் 1.2 மெகாஜூல். நீங்கள் எரிக்கும் ஒரு கிலோ காய்ந்த விறகில் ஏறத்தாழ 15 மெகாஜூல் இருக்கிறது. பத்தில் ஒரு பங்குகூட ஷீட்டுக்குப் போகவில்லை. மீதி எல்லாம் ஓட்டு இடுக்கு, கதவு, சுவர் வழியாகப் போய்விடுகிறது. கதவு விளிம்புகளை அடைத்து, கூரைக்கு உட்புறம் தட்டு ஒன்று கொடுத்து, மேலே திறந்து மூடக்கூடிய காற்றுப்போக்கி வைத்தாலே பெரிய மாற்றம் தெரியும். முதல் நாள் ஈரம் வெளியேறக் காற்றுப்போக்கியைத் திறந்து வைத்து 40 முதல் 45 பாகை வெப்பம் போதும். பிறகு படிப்படியாக மூடி 60 பாகைவரை போகலாம். அதைத் தாண்டினால் ஷீட்டில் குமிழ் விழும். ஒரு வெப்பமானியைத் தொங்கவிடாமல் இதைச் செய்ய முடியாது; அது மலிவான பொருள்தான்.

களியல் அக்கா எழுதியது:

பொறியாளர் தம்பி சொன்ன கதவு இடுக்கு விஷயம் மிகவும் உண்மை. புகைப்புரையில் விறகு வைப்பது எங்கள் வீடுகளில் பெண்களின் வேலை. இருமலும் கண் எரிச்சலும் எங்களுக்குத்தான். நாங்கள் அடுப்பைப் புரைக்கு வெளியே குழியில் மாற்றி, புகையைக் குழாய் வழியாக உள்ளே விட்ட பிறகு விறகும் குறைந்தது, உள்ளே நுழைந்து தீயைக் கிளறும் அவசியமும் போனது. தொங்கும் ஷீட் அறுந்து நேராகத் தீயில் விழுகிற பயமும் இல்லை. புகைப்புரை தீப்பிடித்தால் ஒரு மாதத்து உழைப்பு ஒரு மணி நேரத்தில் போய்விடும்.

உருளையிலிருந்து எடுத்த ஷீட்டை உடனே புரைக்குள் ஏற்றாதீர்கள். நிழலில் மூங்கில் கழியில் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் நீர் வடியவிடுங்கள். விரலால் ஷீட்டின் கீழ் விளிம்பைத் தடவினால் சொட்டு ஒட்டக் கூடாது; அதுவரை காத்திருங்கள். வெயில் நன்றாக இருக்கும் மாதங்களில் பாலித்தீன் கூரை போட்ட பந்தலில் காற்றோட்டத்தோடு உலர்த்தி, கடைசியில் மட்டும் புகை கொடுத்தால் விறகு பாதியாகக் குறைகிறது. புகையே வேண்டாம் என்று விட்டுவிட முடியாது. புகை ஏறாத ஷீட்டில் மழைக்காலத்தில் பூசணம் பிடித்து வியாபாரி தரத்தைக் குறைத்துவிடுவார். நேர் வெயிலில் நாள் கணக்கில் போடுவதும் கூடாது, ஷீட் பிசுபிசுத்துப் போகும். விறகை ஒரு கோடை முழுவதும் கூரைக்கடியில் அடுக்கிக் காயவைத்து எரிப்பது எங்கள் பழக்கம். பச்சை விறகு தன் ஈரத்தை உலர்த்தவே பாதி வெப்பத்தைச் செலவழிக்கிறது.

கழுவும் தண்ணீரிலும் மிச்சம் பிடிக்கலாம். நாங்கள் ஷீட்டைக் கடைசியாக அலசும் ஓரளவு தெளிந்த நீரைச் சேர்த்து வைத்து, டிஷ்களையும் உருளையையும் முதலில் அதில்தான் கழுவுகிறோம். நல்ல தண்ணீர் முடிவில் ஒருமுறை மட்டும். பாலில் சேர்க்கும் தண்ணீரை மட்டும் குறைக்க முயலாதீர்கள், அங்கே குறைத்தால் ஷீட்டின் நிறமும் சீரும் கெட்டுவிடும்.

திருவட்டாறு பால் கொடுப்பவர் எழுதியது:

எல்லோரும் ஷீட் அடித்தே ஆக வேண்டும் என்று வைத்துப் பேசுகிறீர்கள். நான் ஷீட் அடிப்பதையே நிறுத்திவிட்டு, பாலில் அமோனியா சேர்த்து அப்படியே வண்டிக்காரரிடம் கொடுக்கிறேன். அது தொழிற்சாலைக்குப் போய் 60 சதவீத லேடெக்ஸாகிறது. புகைப்புரையும் விறகும் ஆசிட் தண்ணீரும் எனக்கு இல்லை. கிணற்றுக்கு இவ்வளவு பக்கத்தில் வேலை செய்பவர் இந்த வழியை முதலில் யோசிக்க வேண்டாமா?

குழித்துறை நீர்ப்பொறியாளர் எழுதியது:

யோசிக்க வேண்டிய வழிதான் ஐயா. நூறு மூட்டுக்கும் குறைவாக வைத்திருப்பவர்களுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் கழிவு இல்லாமல் போய்விடவில்லை, இடம் மாறியிருக்கிறது. லேடெக்ஸைப் பிரித்தபின் மிஞ்சும் மெலிந்த பாலைப் பெரும்பாலும் சல்ஃபூரிக் ஆசிட் விட்டுத்தான் உறையவைக்கிறார்கள்; அந்த நீர் வீட்டு ஷீட் நீரைவிடக் கடுமையானது. அங்கே சுத்திகரிப்பு நிலையமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கண்காணிப்பும் இருப்பதுதான் வேறுபாடு. அவை ஒழுங்காக நடக்கும் தொழிற்சாலைக்குப் பால் போகிறதா என்பதை நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஷீட்டில் வேறொரு நன்மையும் இருக்கிறது: விலை இறங்கிய மாதங்களில் அடுக்கி வைத்துக் காத்திருக்கலாம், பாலை அப்படி வைக்க முடியாது. மழை மாதங்களில் பாலாகவும் வெயில் மாதங்களில் ஷீட்டாகவும் கொடுக்கிற வீடுகளும் இருக்கின்றன. பனச்சமூட்டுக்காரருக்கு அது பொருந்தும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் மழையில்தான் குழி நிரம்பிக் கிணற்றை எட்டுகிறது.

பனச்சமூட்டு விளைக்காரன் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. குழியில் ஊற்றுவதை இன்றோடு நிறுத்தி, கலன் அமையும்வரை பாலாகவே கொடுப்பது என்று வீட்டில் முடிவு செய்தோம். கிணற்றுக்காரரையும் சேர்த்து நான்கு வீட்டாரும் பேசியிருக்கிறோம். அவர்களும் ரப்பர் வைத்திருக்கிறார்கள், எல்லோருக்கும் ஏறத்தாழ என் அளவுதான். இரண்டு பசு உள்ள அண்ணன் தன் தொழுவத்துப் பக்கத்தில் கலனுக்கு இடம் தருகிறார். எவ்வளவு பெரிதாகக் கட்ட வேண்டும், வாயுவை நான்கு வீட்டுக்கும் பிரித்துக் கொடுக்க முடியுமா?

குழித்துறை நீர்ப்பொறியாளர் எழுதியது:

நான்கு வீட்டுக்கும் ஒரு வெட்டுக்கு நூறு லிட்டர் என்றால், ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுக்குச் சராசரியாகத் தினமும் 200 லிட்டர் வரும். நான்கு பேரும் ஒரே நாளில் வெட்டாமல் இரண்டிரண்டு பேராக மாற்றிக்கொண்டால் கலனுக்கு ஒரே சீராகத் தீனி போகும். இதை முதலிலேயே பேசி முடிவு செய்யுங்கள். இரண்டு பசுக்களின் 20 கிலோ சாணத்தைக் கரைக்க நல்ல தண்ணீர் வேண்டாம், ஷீட் நீரிலேயே கரைக்கலாம். முப்பது நாள் உள்ளே தங்கும்படி வைத்தால் ஏழு கன மீட்டர் கொள்ளளவு போதும். உள்ளே தென்னை நாரோ சிரட்டைத் துண்டோ நிரப்பச் சொல்லி யாராவது கூறினால் கேட்க வேண்டாம். நுண்ணுயிர் ஒட்டி வளர அது உதவும் என்றாலும், சாணம் சேரும் கலனில் நார்ச்சத்து அடைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் சாணக் கரைசலால் மட்டுமே கலனை ஓட்டி, வாயு நீலச் சுடராக எரியத் தொடங்கிய பிறகு ஷீட் நீரைச் சிறிது சிறிதாக, சில வாரங்களில், முழு அளவுக்குக் கொண்டுவாருங்கள். நீர் மிகவும் புளித்திருந்தால் புகைப்புரைச் சாம்பலைக் கலந்து விடலாம்.

கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி, கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில் கட்டுங்கள். கலனிலிருந்து வெளிவரும் நீரிலும் தழைச்சத்து நிறைய இருக்கும். அதை ஓடையில் விடாமல் வாழைக்கும் தீவனப் புல்லுக்கும் பரவலாகப் பாய்ச்சுங்கள். ஒரே இடத்தில் தேங்கவிட்டால் பழைய குழியின் கதைதான்.

சாணம், ஷீட் நீர் இரண்டிலிருந்தும் சேர்த்துத் தினமும் 1.2 கன மீட்டர் அளவுக்கு வாயு வரலாம். ஒரு சிலிண்டர் இருபத்தைந்து நாள் ஓடுகிற ஒரு வீட்டின் சமையலுக்கு அது சரியாக இருக்கும். நான்கு வீட்டுக்குக் குழாய் இழுத்தால் எவருக்கும் போதாது. குழாய் நீளமானால் கசிவும் நீர் தங்கி அடைப்பதும் கூடும். எனவே சாணம் தந்து, வெட்டு நின்ற மாதங்களிலும் கலனைப் பராமரிக்கப் போகிற அண்ணன் வீட்டுக்கே வாயு போகட்டும்; வெளிவரும் சத்து நீரை மற்ற மூவரும் முறைவைத்து எடுத்துக்கொள்ளலாம். வாயுக் குழாயின் தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்கும் திருகு ஒன்றும், அடுப்புக்கு முன்னால் துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய சிறு குப்பியும் வைக்கச் சொல்லுங்கள். அடுப்பும் பயோகேஸுக்கென்று துளை பெரிதாகச் செய்ததாக இருக்க வேண்டும். கட்டும் முன் உங்கள் பகுதி ரப்பர் வாரியக் களப் பணியாளரிடம் நான்கு பேரும் சேர்ந்து போய் உதவித்தொகை உண்டா என்று கேளுங்கள். குழுவாகப் போனால் விவரம் விரைவாகக் கிடைக்கும்.